காதுகுத்தை நிறுத்திய பென் டிரைவ்

எனக்குக் காது குத்தும்போது ஆறு வயது. கைக்குழந்தையிலேயே குத்தித் தொலைத்திருந்தால் இந்த வம்பெல்லாம் வந்திருக்காது. குலசாமிக்கு நேர்ந்துகொண்டதை அப்பா வருசா வருசம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

திருச்சுழிக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் கோயில். அன்று எனக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. ஆசாரியும் ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். தாய்மாமன் மடி ஒன்றுதான் பாக்கி. மாமாவோ மடியைத் தர மாட்டேன் என்று, வந்த வேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

காரணம், மைக்செட்டில் ஓடிய பாட்டு. மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாமா, காசு கொடுத்து வாங்காத பாட்டைக் கேட்பதே பாவம் என்ற கட்சி. அருப்புக்கோட்டையில் படித்த சித்தப்பாவோ, பாட்டு ஊர்க் கண்மாய்த் தண்ணீர் மாதிரி, யார் வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம் என்ற கட்சி. எங்கள் கண்மாயில் தண்ணீர் இருந்து நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அன்று ஓடியது சித்தப்பாவின் பென் டிரைவ். அதில் இருந்த அத்தனை பாட்டும் விடுதி நண்பர்களிடம் மொண்டதுதான்.

"களவாண்ட பாட்டு ஓடுற எடத்துல நான் உக்கார மாட்டேன். பாடுனவன் வயித்துல அடிக்கிறே மாப்ள" என்றார் மாமா.

"கம்பெனிக்காரன் மட்டும் பாடுனவனுக்கு அள்ளிக் குடுக்கானாக்கும்? காசுள்ளவன்தான் பாட்டுக் கேக்கணும்னா, எங்க ஊருல பாதிப் பேரு காத அடைச்சுக்கிறணும்" என்றார் சித்தப்பா.

பெரியவர்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். நிறுத்தினால் தன் கொள்கை தப்பென்று ஆகிவிடும் என்று சித்தப்பா பென் டிரைவுக்குக் காவலாக நின்றுகொண்டார்.

எனக்கு மட்டும் அந்தச் சண்டை இனித்தது. ஊசியைப் பார்த்ததிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டுதான் நின்றேன். மாமா என் காதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பேசுகிறார் என்று மனசார நம்பினேன். அவர் தொண்டை கட்டியபோது தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, "விட்டுக் குடுத்துராதீக மாமா" என்றேன். பச்சப்பிள்ளைக்குத் தெரிகிற நியாயம் உங்களுக்குத் தெரியவில்லையே என்று, மாமா என்னைக் காட்டி இன்னும் பத்து நிமிடம் பேசினார்.

கடைசியில் அம்மா வந்தாள். "நீ உக்காரலைன்னா இவுக சொந்தக்காரக முன்னால நான் எப்படித் தம்பி தல நிமிந்து நடக்க?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மாமா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்துச் சித்தப்பாவுக்கும் மனசு கேட்கவில்லை. அவரே போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினார்.

மாமன் சீரைச் சொல்வதற்காக வைத்திருந்த மைக் என் பக்கத்திலேயே இருந்தது. பாட்டில்லாத அந்தக் காட்டில் நான் போட்ட அலறல் வீரசோழன் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். காட்டிக்கொடுத்ததற்காக மாமாவின் கையைக் கடித்தும் வைத்தேன்.

அந்த அலறலைச் சித்தப்பா செல்போனில் பிடித்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் தோள் உரச உட்கார்ந்து, ப்ளூடூத்தில் அதை மாமா போனுக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து பந்தியில் இருந்தவர்கள் போனுக்கெல்லாம் போனது. ஒரு மாதம் கழித்துக் காரியாபட்டி பஸ்ஸில் யாருக்கோ போன் வந்தது, ரிங்டோனாக நான் அலறினேன். பஸ்ஸே சிரித்தது.

அழித்துவிடச் சொல்லி இருவரிடமும் கெஞ்சினேன்.

"நல்லாத்தான இருக்கு, கழுத. நாலு பேரு கேட்டாக் கொறஞ்சா போயிருவ?" என்றார் மாமா. சித்தப்பா ஆமாம் போட்டார்.

யாருடைய தொண்டையிலிருந்து வந்தது அது, யாரைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று அங்கேயே பிடித்திருக்க வேண்டும். அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்கு அன்று தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இனிமேல் அழ மாட்டேன் என்று அவர்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.