கிளெமென்ற் அடித்த நாலு

கிரிக்கெட்டை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிறு முழுக்க வெயிலில் குந்தியிருந்து மட்ச் பார்த்தேன் என்றால், அது கிளெமென்ற்றுக்காகத்தான்.

கிளெமென்ற் எங்கள் கப்பல் கொம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். கொட்டாஞ்சேனையில் எனக்கு அயல்வீடு. சின்ன வயதில் சின்னமுத்துக் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் இலங்கை அணிக்கு ஆடுகிறவன்; அணியில் தமிழ் பேசுகிற ஒரே ஆள். அவர்களுடைய பந்துக்குள் சிறு இரும்புக் குண்டுகள் கிடந்து கிலுகிலுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடிப்பார்கள். யுத்த காலத்துக் கொழும்பில், தமிழன் ஒருவன் பைக்குள் கிலுங்குகிற உருண்டையோடு திரிவது புத்தியான வேலையா? சோதனைச் சாவடியில் பையைத் தட்டிப் பார்த்த ஆமிக்காரன் துள்ளிப் பின்னால் போய், இது என்னவென்று சிங்களத்தில், "மே மொக்கத?" என்று கத்துவான். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் உயிர் போய் வரும். இவன் சிரித்துக்கொண்டு, "போலயக், மாத்தயா", பந்துதான் ஐயா, என்று அதை நீட்டுவான்.

வெள்ளவத்தையில், வெளிநாட்டுக்குப் பெட்டி அனுப்பும் ஒரு கடையில் கௌரி என்ற பெண் வேலை செய்தாள். கப்பல் எப்போது வெளிக்கிடும் என்று கேட்டு எங்கள் மனேஜருக்குத் தினமும் போன் எடுப்பாள். லைனைக் கொடுப்பதற்கு முன் கிளெமென்ற் இரண்டு சொல் கதைப்பான். வரவர மனேஜர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவள் யாழ்ப்பாணத்தாள். கனடாவில் மாப்பிள்ளை நிச்சயமாகி, விசாவுக்காகத் தகப்பனோடு லொட்ஜில் காத்திருந்தவள். அதை அவளே அவனுக்குச் சொல்லியிருந்தாள். தெரிந்துகொண்டே விழுந்தான் மடையன். ஆசைக்கு அளவில்லை என்பார்கள். அவனுடைய ஆசைக்கு நல்ல அளவு இருந்தது. வயர் இல்லாமல், வெளியில், அந்தக் குரலை ஒரு தரம் கேட்டால் போதும்.

அவளுக்கு விசா வந்த கிழமைதான் கொழும்பில் மூன்று நாட்டுப் போட்டி நடந்தது. எங்கள் அணி பாகிஸ்தானோடு இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. அவளோடு என்ன கதைத்தான் என்பதை எழுத்துப் பிசகாமல் எனக்கு ஒப்புவித்தான்.

"ஞாயிற்றுக்கிழமை வருவீங்களே?"

"வந்து?"

"நான் அடிச்சா என்ரை பேரைச் சொல்லிக் கத்துங்கோ. ஆனா பந்து வரேக்கை மூச்சுக் காட்டக்கூடாது. சத்தம் கேட்டா எங்களுக்குப் பந்து தெரியாது."

"நீங்கள் அடிக்காட்டி?"

"வாயை மூடிக்கொண்டு வீட்டை போங்கோ."

அவள் சிரித்தாளாம். "அப்பாவுக்குக் கோயில் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

மைதானத்தில் இறங்குவதற்கு முன் என் கையைப் பிடித்து, "வந்தவளோ எண்டு பாரடா" என்றான்.

"ஆள் எப்பிடி இருப்பாள்?"

"எனக்கெப்பிடியடா தெரியும்?"

எனக்கும் தெரியாது. நிழலில் எத்தனையோ பெண்கள் இருந்தார்கள்.

கடைசி விக்கெட்டுக்கு இவன் வந்தபோது வெல்ல இன்னும் ஏழு ஓட்டம் வேண்டும். முழுக்கப் பார்வை இல்லாதவர் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகும் என்பது அவர்களுடைய கணக்கு. நாலு அடித்தால் எட்டு. சத்தம் போடவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். பப்பரே வாத்தியக்காரர்கள்கூட ஊதுவதை நிறுத்தினார்கள். பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரம்போல மைதானம் அடங்கியது.

"ரெடி?" என்றான் பந்து போடுகிறவன்.

"யெஸ்."

"பிளே."

பந்து கிலுகிலுத்துக்கொண்டு வந்தது. கிளெமென்ற் முழங்காலைத் தரையில் ஊன்றி மட்டையை வீசினான். பந்து எல்லைக்கயிற்றைத் தாண்டியது.

சனம் எழும்பி நின்று கத்திய கத்தலில் என் காது அடைத்தது. மேளமும் ஊதுகுழலும் சேர்ந்துகொண்டன. கிளெமென்ற் மட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி, கீழே அமர்த்துவதுபோலக் காட்டினான். "அடங்குங்கோ! கொஞ்சம் அடங்குங்கோ!" அவன் சந்தோசத்தில் கையாட்டுகிறான் என்று நினைத்துச் சனம் இன்னும் கூடக் கத்தியது. யுத்தத்தில் கண்ணை இழந்த அணித்தலைவர் தடவித் தடவி வந்து, "அபே மல்லி!", எங்கள் தம்பி, என்று அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருடைய தோளுக்கு மேலால் இவன் தலையை அங்குமிங்கும் திருப்பிக் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றான்.

பஸ்ஸில் பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

"வந்தவளோ?"

"தெரியேல்லையடா." எனக்குக் கோபமும் வந்தது. "நாட்டுக்கு வெண்டு குடுத்துப்போட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறாய்."

"நாடு கத்தினது கேட்டது," என்றான்.

திங்கட்கிழமை காலை கொம்பனியில் அவன் பக்கத்தில் நின்று, பேப்பரின் மூலையில் வந்த நாலு வரியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. எடுத்தவன் முகம் மாறியது. ரிசீவரைச் சரித்து என்னையும் கேட்கவிட்டான். தொண்டை முழுதாகக் கட்டி, பாதி காற்றாகவே வந்தது ஒரு பெண் குரல்.

"நான் கௌரி. இண்டைக்கு இரவு பயணம். கடைசியா ஒரு பெட்டி இருக்கு, மனேஜரோடை கதைக்கவேணும்."

"என்ன, தடிமன் காய்ச்சலோ?" என்றான் கிளெமென்ற்.



"நீங்கள்தானே கத்தச் சொன்னனீங்கள்."

அவன் மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டான். கடைசியில், "லைனைக் குடுங்கோ" என்று அந்த உடைந்த குரல் சொல்ல, கொடுத்தான்.

ரிசீவரை வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். "வந்திருக்கிறாளடா, அது போதாதே?" என்றேன்.

"போதும்," என்றான். "ஆனா எனக்குத் தெரிஞ்ச குரல் அந்தச் சத்தத்துக்குள்ளை கத்திப் போயிட்டுதடா. அதை நான் கேக்கேல்லை."