விண்வெளி வீரர் படமும் மல்லிகாவின் அண்ணனும்

ஜன்னல்களில் மாட்டியிருந்த கறுப்புக் கம்பளிகளின் புழுக்க வாடையும், படம் காட்டும் இயந்திரத்தின் சூட்டில் தூசு கருகும் நெடியும் கலந்து, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பெண்கள் பள்ளியின் பெரிய கூடம் அன்று பட்டப்பகலில் இருண்டு கிடந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. அரசாங்கத்தின் “பட வண்டி” வந்தால் கொசு ஒழிப்பு, அம்மைத் தடுப்பு என்றுதான் ஏதாவது காட்டுவார்கள். அன்றைக்கோ விண்வெளிக்குப் போய்வந்த ஒரு ருஷ்ய வீரரின் வாழ்க்கைப் படம். படம் ஆங்கிலத்தில் பேசியதால், அறிவியல் டீச்சர் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

என் பக்கத்தில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் விமானப்படையில் சேர்ந்து வடக்கே எங்கோ இருந்தார். அதனால் திரையில் அந்த வீரர் சிரித்தபோதெல்லாம் தன் வீட்டு ஆளே சிரிப்பதுபோல் பூரித்து என் தொடையில் தட்டினாள். அவர் பிறந்த குடிசை, அவருடைய அம்மா, ராக்கெட்டின் நெருப்பு, பூமிக்குத் திரும்பி வந்து வயல்வெளியில் நின்ற கோலம் எல்லாவற்றுக்கும் கூடமே ஆர்ப்பரித்தது. பிறகு பெருங்கூட்டம், மலர்வளையங்கள், மெல்ல நகரும் ஊர்வலம். கருடசேவைக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய நாங்கள், அவருக்கு மரியாதை செய்கிறார்கள் என்றே எண்ணி விடாமல் கைதட்டினோம். டீச்சர் பேச்சை நிறுத்தியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“கை தட்டாதீங்கம்மா,” என்றார் அவர். “அவரு செத்துட்டாரு. சாதாரண விமானத்துல போறப்ப விழுந்து செத்துட்டாரு.”

தூக்கிய கைகளை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. வானத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியவர், எங்கள் தெருவுக்கு மேலே பறப்பதுபோன்ற ஒரு விமானத்திலா செத்துப்போவார்? மல்லிகா எழுந்தாள்; கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

வீட்டில் அவளுடைய அம்மா ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். “அண்ணன வரச் சொல்லும்மா, விமானம் கீழ விழுந்துடுதாம்!” என்று மல்லிகா கத்தினாள். விஷயத்தைக் கேட்டு அத்தை சிரித்துவிட்டார்.

“உங்க அண்ணன் எங்கடி பறக்கறான்? கீழ நின்னுக்கினு நட்டு முடுக்கற வேலைதான அவனுக்கு?”

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. ராட்டினமும் நின்றது.

“அப்போ, அந்தப் புள்ள ஏறுனதையும் எவனோ ஒருத்தன் முடுக்கித்தான அனுப்பியிருப்பான்? அவன் இன்னாடி ஆயிருப்பான்?”

அடுத்த முறை அண்ணன் விடுப்பில் வந்தபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். சோறு போட்டுக்கொண்டே அத்தை கேட்டார். “நீ பாத்து அனுப்புனது எதனா விழுந்திருக்குதாப்பா?”

இல்லை என்று சொல்வார் என்றுதான் மூவரும் காத்திருந்தோம்.

“ஒண்ணு விழுந்துச்சும்மா. விசாரிச்சாங்க. என் மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. அத ஓட்டுன சார் ஏறறதுக்கு முன்னாடி என் தோளத் தட்டிட்டுப் போனாரு.”

அத்தையின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் வழிந்தது. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இதை எப்படி இவர் தாங்கிக்கொண்டிருந்தார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவரோ தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இன்று அந்தக் கூடம் இல்லை. இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். பட வண்டியும் வருவதில்லை. ராக்கெட் கிளம்புவதைப் பிள்ளைகள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அந்த விண்வெளி வீரரின் பெயர் என் பேத்திக்கும் தெரியும். மல்லிகாவின் அண்ணன் ஓய்வுபெற்று ஊர் திரும்பி, நெடுநாள் எங்கள் நடுவே வாழ்ந்து காலமானார். விமானத்தோடு விழுந்து இறந்த அந்த விமானியின் பெயரை மட்டும், எத்தனையோ முறை கேட்டும், கடைசிவரை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை.