சித்திக்கு வந்த இருமல்

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் அறையில் அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடு இருந்தாள். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் தூள் சலிக்கும் வேலை அவளுக்கு. ஒரு மழைக்காலத்தில் பிடித்த இருமல் மழை ஓய்ந்த பிறகும் ஓயவில்லை. தோட்டத்து மருந்துக்கார ஐயா, அவள் போகும்போதெல்லாம் அதே சிவப்பு மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்.

லயம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. காசம். குழாயடிக்குச் சித்தி போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அறைக்கு முன்னால் அடுப்பெரிக்கும் இஸ்தோப்பில் அப்பா அவளுக்குச் சாக்கு விரித்தார். அம்மா எட்ட நின்று கரண்டியால் அவள் தட்டில் சோற்றைப் போட்டாள்.

"அக்கா, நான் என்ன நாயா?"

"புள்ளைங்க இருக்கிற வீடு," என்றாள் அம்மா.

எனக்குச் சிங்களம் பேச வரும் என்பதால் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் நிதானமாகக் கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? சளியில் இரத்தம் உண்டா? உடம்பு இளைத்ததா? படுத்தால் நெஞ்செரிகிறதா? எல்லாவற்றுக்கும் சித்தி இல்லை என்றாள். வேலையில்லாத நாளில் எப்படி என்று கேட்டபோதுதான் யோசித்தாள்.

"கொஞ்சம் கொறையுங்க. அடுப்பு மூட்டுனா திரும்ப வந்துரும்."

சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காசம் இல்லை. தேயிலைத் தூசியும் விறகுப் புகையும் சேர்ந்து உண்டாக்கிய இழுப்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, இரண்டிலிருந்தும் விலகியிருக்கச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

லயத்தில் யாரும் நம்பவில்லை. "ஊரு பயந்துரும்னு அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தூசி இல்லாத கொழுந்து பறிக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிச் சித்தி தோட்டத்து ஆபீஸில் கேட்டதற்கு, இருமுகிறவள் வேலைக்கே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

நான் அப்பாவிடம் சொன்னேன். "புகைதான் காரணம்னு டாக்டர் சொன்னாருப்பா. சித்திய உள்ள படுக்க விடுங்க."

"டாக்டரா வந்து இங்க படுக்கப் போறாரு?"

சித்தி அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தாள்.

பிறகு ஊரெங்கும் கொலையும் ஊரடங்குமாக இருந்த காலம் வந்தது. பஸ் நின்றது, மாத்திரை தீர்ந்தது. ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்கி, உதடு நீலமாகிவிட்டது. தோட்டத்து லொறி ஸ்டோர் வாசலில்தான் நின்றது. டிரைவரிடம் ஓடினேன். ஊரடங்கு அவருக்குப் பிரச்சினையாக இல்லை.

"காசக்காரிய ஏத்துனா, அப்புறம் இதுல யாரு ஏறுவாங்க?"

காசம் இல்லை என்று எழுதியிருந்த ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்பாவும் நானும் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பெரிய ரோட்டை எட்டுவதற்குள் சித்தி செத்துப்போனாள். மறுநாள் அவளுடைய சாக்கையும் துணிகளையும் லயத்தார் எரித்தார்கள். அம்மா தடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து அம்மாவும் இருமத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள்.

"எல்லாம் அவகிட்டருந்து ஒட்டிக்கிட்டதுதான்," என்று அடுப்பை ஊதியபடியே சொன்னாள்.