படிவிளக்கும் இரண்டு மீட்டரும்

எங்கள் வீடு உண்மையில் இரண்டு வீடு. தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் மேலே இருக்கும் காம்பிரா, அந்த ஓரறை வீடு, என்னுடையது. அதற்கு மூன்று படி கீழே இருப்பது கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட என் தம்பியுடையது. நடுச்சுவரை உடைத்து, படி கட்டி, இரண்டையும் ஒன்றாக்கினோம். படிக்கு மேலே ஒரு பல்பு. அந்தப் பல்புக்கு, மேல் காம்பிராவில் ஒரு சுவிட்ச், கீழ் காம்பிராவில் ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும்.

மூன்று வாரத்துக்கு முன் என் மனைவி அந்தப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். காலில் பிளாஸ்டர், இரண்டு கையிலும் ஊன்றுகோல். அடுப்படியோ கீழே. டயகமப் பக்கத்தில் மத்தியானம் தாண்டினாலே பனி வீட்டுக்குள் வந்துவிடும், படி கண்ணுக்குத் தெரியாது. கோலை விட்டுவிட்டுச் சுவிட்ச்சுக்குக் கை நீட்டினால் இன்னொரு காலும் போகும். அதனால் சமையல் என் கைக்கு வந்தது. நான் வைத்த குழம்பைச் சாப்பிடும்போது அவள் ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குறை எதுவும் சொல்லமாட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

ஹட்டனில் பாய் கடையில், போனிடம் வாயால் சொன்னாலே விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் ஒன்று வாங்கினேன்.

"ரெண்டு பக்கமும் சுவிட்ச் இருக்குற லைட்டா?" என்றார் பாய். "அப்ப கொஞ்சம் வில்லங்கம். கரண்ட் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாத்து, அங்கதான் இத மாட்டணும். கழட்டுறதுக்கு முன்ன போட்டோ எடுத்துக்குங்க."

"நான் பாக்காத வயரா பாய்?" என்றேன். பார்த்ததே இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மெயினை நிறுத்தினேன். மேல் சுவிட்ச்சைக் கழற்றினேன். போட்டோ எடுக்கவில்லை, ஏனென்றால் போனைத்தான் டார்ச்சாகப் பல்லில் கவ்வியிருந்தேன். உள்ளே மூன்று வயர். மூன்றும் கறுப்பு. ஒன்றில் பச்சையாக ஏதோ பூச்சிக்கூடு. மரியாதைக்கு டெஸ்டரை வைத்துப் பார்த்தேன்.

டெஸ்டர் எரிந்தது.

மெயினை நானே என் கையால் நிறுத்தியிருக்கிறேன். ஓடிப்போய்ப் பார்த்தேன், நிறுத்தித்தான் இருந்தது. திரும்பி வந்து வைத்தேன், எரிந்தது. போன் வாயிலிருந்து விழுந்தது. நான் பின்னால் துள்ளித் தண்ணி வாளிக்குள் உட்கார்ந்தேன்.

கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, என்ன சத்தம்?"

"ஒன்னுமில்ல. சும்மா உக்காந்தேன்."

"தண்ணிலயா?"

இடுப்பில் நனைந்த சாரத்தைப் பிழிந்தேன். மெயினை நிறுத்தியும் கரண்ட் வருகிறது, மூன்று தலைமுறை இருந்த லயம், எத்தனை பேர் ஆவியாக இருப்பார்களோ என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. கடைசியில் மானத்தை விட்டுவிட்டுச் சொன்னேன்: "மெயின் இல்லாமலே கரண்ட் வருது புள்ள."

"எந்த மெயின நிப்பாட்டுனீங்க?"

"நம்ம மெயின."

"கீழ் வீட்டு மீட்டர யாரு நிப்பாட்டுவா?"

சுவரை உடைத்தபோது மீட்டரை மட்டும் நாங்கள் ஒன்றாக்கவில்லை. இந்த மலையில் எங்கள் யாரிடமும் வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. மாதாமாதம் தம்பி பெயருக்கு வரும் கரண்ட் பில்தான் அவனுக்கும் இங்கே ஒரு கூரை இருக்கிறது என்று சொல்லும் ஒரே காகிதம். மீட்டரை எடுத்தால் அதுவும் போய்விடும். இது எனக்குத் தெரியாததில்லை. வேண்டாமென்று பிடிவாதமாக நின்றவனே நான்தான். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டேன்.

"அந்த லைட்டுக்கு, கீழ் வீட்டுல இருந்துதான் கரண்ட்டு," என்றாள். "உங்க தம்பி வயர் இழுக்கறப்ப டார்ச் புடிச்சது நானு. பல்புக்குப் போற வயருக்கு என்னோட பச்ச உல்லன் நூலக் கட்டுனாரு, இருக்கா?"

பூச்சிக்கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். நூல்தான்.

இரண்டு மெயினையும் நிறுத்தினேன். அவள் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, பச்சை நூல் வயரை மற்ற இரண்டில் ஒன்றோடு சேர்த்து டேப் சுற்றி, மேல் பெட்டியை மூடினேன். புதிய சுவிட்ச்சைக் கீழே மாட்டினேன். முதல் தடவை எரியவில்லை. மறுபடி நிறுத்தி, மேலே போகும் இரண்டு கறுப்பு வயரில் மற்றதை மாட்டினேன், எரிந்தது. முதல் தடவை இணைக்க மட்டும் சிக்னல் வேண்டும், அது ஜன்னலோரம் நின்றால்தான் வரும் என்பதால் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சுவிட்ச்சைப் போனோடு இணைத்தேன். இந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று போன் கேட்டது. 'தம்பி வீடு' என்று போட்டேன்.

ஐந்து மணிக்கு வெளியே பனி வெள்ளையாக நின்றது. அவள் போனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு படிக்கு மேல் வந்து நின்றாள். "லைட் ஒன்," என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எரிந்தது. ஒரு கோல், ஒரு கால், மறு கோல். பின்னால் நான், அவள் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்தும் வைக்காமலும். கடைசிப் படியில் நின்று அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, என் பருப்புச் சட்டி எங்க?"

நான் அடி கருகவிட்ட சட்டி விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மூன்று வாரமாக அதை அங்கே வைத்துக் காப்பாற்றி வந்தேன். சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை ஒரு தட்டுத் தட்டினால் சட்டியோடு எல்லாம் இருட்டு. ஆனால் அவள் இன்னும் படியில் நின்றாள்.

விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும் என்று விட்டேன்.