ஒன்பதாம் முடிச்சு

கயிறு பொய் சொல்லாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். உப்பும் மண்ணெண்ணெயும் மணக்கும் அந்த வலைநூற் கயிற்றை அப்பா தம் பழைய மடிப்புக் கமராவின் அடியில் கட்டியிருந்தார், ஓரடி நீளத்துக்கு ஒரு முடிச்சு. கமராவைத் திறந்தால் கரிய துருத்தி முன்னே நீளும்; கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில் தூரத்துக்கான இலக்கங்கள் தெரியும்; ஆனால் தூரத்தை அளந்து சொல்ல அதற்குள் எதுவும் கிடையாது. ஆகவே கயிற்றின் நுனியைப் படத்துக்கு நிற்பவரின் நெஞ்சுவரை கொண்டுபோய், முடிச்சுகளை எண்ணி உரக்கச் சொல்வது பத்து வயதான என் வேலை. அப்பா வளையத்தை அந்த இலக்கத்துக்குத் திருப்புவார்; இலக்கம் பிழைத்தால் முகம் கலங்கிப்போகும். எங்கள் குருநகர்த் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய பிள்ளைகள் பலரின் நெஞ்சை அந்த நுனி தொட்டிருக்கிறது.

போர்க்காலத்தில் பற்றரியும் பிலிமும் யாழ்ப்பாணத்துக்குள் வராமற்போக, புதிய கமராக்கள் எல்லாம் அலுமாரிக்குள் முடங்கின. பற்றரியே வேண்டாத எங்கள் கிழட்டுக் கமரா மட்டும் இயங்கியது. அதற்கும் அது கடைசிச் சுருள். பதினொரு படங்கள் முடிந்து, பின்புறச் சிவப்புக் கண்ணாடியில் கடைசிப் படத்துக்கான பன்னிரண்டு என்ற இலக்கம் வாரக்கணக்காகக் காத்து நின்றது.

அண்ணைக்குப் பத்தொன்பது வயது. எந்நேரமும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்த வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவே அஞ்சிய நாட்கள் அவை. மறுநாள் விடிய அவரை வள்ளத்தில் கடல்நீரேரி கடத்திக் கொழும்புக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. "படம் எடுத்து, அது நல்லா வந்திட்டுதெண்டு நீங்கள் சொல்லாமல் நான் பிள்ளையை விடமாட்டன்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அந்தச் சொல்லை நான் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். படம் பழுதானால் வேறு பிலிம் வரும்வரை அண்ணை வீட்டில்தான் இருப்பார், பிலிமோ வரப்போவதில்லை.

முற்றத்தில் அண்ணை நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "எடியே, உந்தக் கயிறைக் கழுத்திலை போட்டு மாடு மாதிரி இழுக்கப்போறியோ?" என்று சிரித்தார். நான் எண்ணினேன். ஆறு முடிச்சு.

"ஒன்பது" என்றேன்.

"ஒன்பதோ? கிட்ட நிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் அப்பா.

"ரெண்டுதரம் எண்ணிட்டன் அப்பா."

"கணக்கிலை முட்டை வாங்கிற ஆள், பாத்து அப்பா" என்றார் அண்ணை.

அப்பா வானத்து வெளிச்சத்தைப் பார்த்தார், கயிற்றைக் கழற்றிச் சுருட்டிய என்னைப் பார்த்தார், வளையத்தைத் திருப்பினார். "மூச்சை அடக்கு. அசையாதை!" மெல்லிய ஒரு சொடுக்கு. அவ்வளவுதான்.

சாமான் அறையின் யன்னலைச் சாக்கால் மூடி, மிஞ்சியிருந்த மருந்தில் அன்று மத்தியானமே அப்பா பிலிமைக் கழுவினார். வெளியே அம்மா செபமாலை உருட்டினார்; வாசலில் அண்ணையின் பை கட்டியபடி கிடந்தது; நான் கயிற்று முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். நீர் சொட்டும் பிலிமோடு வந்த அப்பா, அதன் கடைசிப் படத்தை வெயிலுக்கு உயர்த்தி நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கயிறு இன்னும் அதில் இருந்தது.

"இஞ்சேரப்பா, எப்பிடி?" என்றார் அம்மா.

"நல்லா வந்திருக்கு" என்றார் அப்பா.

விடிய அண்ணை போனார். போய்ச் சேர்ந்ததாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாதங்கள் கழித்து எங்கோ தேடிப்பிடித்த படத்தாளில் அப்பா அந்தப் படத்தை அச்சிட்டுக் கொடுத்தார். அண்ணையின் முகம் தண்ணீரில் கரைந்ததுபோல் இருந்தது; அவருக்குப் பின்னால், ஒன்பதாம் முடிச்சின் தூரத்தில் கதவடியில் நின்ற அம்மாவோ, கையிலிருந்த செபமாலையின் மணிகளையும் எண்ணக்கூடிய தெளிவில் இருந்தார். "கடைசியிலை அசைஞ்சிட்டான். ஒரு நிமிசம் ஒழுங்கா நிக்கமாட்டான்" என்றார் அம்மா. "ஓம், அசைஞ்சிட்டான்" என்றார் அப்பா. இருப்பதைவிடப் போவதே பிள்ளைக்குக் காவல் என்று அன்று அவர் நம்பியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை; என்னையும் அவர் இறுதிவரை கேட்கவில்லை.

இன்று கைத்தொலைபேசி தானாகவே முகத்தைத் தேடித் தெளிவாக்கிக் கொள்கிறது. கமராவின் துருத்தியைப் பூச்சி அரித்துவிட்டது. கயிற்று முடிச்சுகள் மட்டும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைக்கும்போதெல்லாம், "அசையாமல் நிண்டிருந்தா முகம் தெரிஞ்சிருக்கும், என்ன பிள்ளை?" என்று அம்மா கேட்பார். "ஓம் அம்மா" என்பேன்.

வீட்டில் இப்போது அம்மாவும் நானும்தான் இருக்கிறோம்.