அவளுக்கு வந்த விசாரணைக் கடிதம்

எனக்குப் பொறாமை அதிகம். தகவல் அறியும் சட்டத்தில் நான் முதன்முதலாக மனு எழுதியதே பொறாமையில்தான். அங்கன்வாடி வேலை நேர்காணலுக்குப் போயிருந்தேன். என்னைவிடக் குறைவாகப் படித்த ஒருத்திக்கு வேலை கிடைத்தது. அவளை ஏன் எடுத்தீர்கள், என்னை ஏன் எடுக்கவில்லை என்று தொடங்கிப் பதினான்கு கேள்விகள் எழுதி அனுப்பினேன். பதில் சரியில்லை என்று மேல்முறையீடு செய்தேன். கடைசியில் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம் வரைக்கும் போனேன். ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்க முடியாது, எந்த ஆவணம் வேண்டுமென்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நாலு வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். விசாரணைக்குக்கூடக் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கான காகிதக் குழாய் ஒட்டுகிறவள். எட்டாவது வரை படித்தவள். முந்தின சீசனில் நடந்த வெடிவிபத்தில் அவள் புருஷன் இறந்துபோயிருந்தான். அவன் கை தவறி வெடிமருந்துத் தட்டைக் கீழே போட்டதால்தான் வெடித்தது என்று எங்கள் ஆமத்தூர்ப் பக்கமெல்லாம் பேச்சு. அவனோடு இறந்த இன்னும் இரண்டு பேரின் வீட்டார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அதிகாரிக வந்து விசாரிச்சு எழுதிக்கிட்டுப் போனாகல்லக்கா, அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கணும். எப்படிக் கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க, நானே எழுதிக்கிறேன்" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். இன்ன தேதியில் நடந்த விபத்தின் விசாரணை அறிக்கை நகல் வேண்டும் என்று ஒரே வரி எழுதினாள். போதாது என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. காலை ஆறரைக்கே கம்பெனி வேன் ஏறிவிடுவாள் என்பதால் தபாலுக்கு என் முகவரியைக் கொடுத்தாள். சிவகாசி அச்சகங்களின் காலண்டர், டைரிகளுக்குப் பிழைதிருத்துவது என் வேலை. எந்நேரமும் வீட்டில்தான் இருப்பேன்.

தாலுகா ஆபீசிலிருந்து பதில் வரவில்லை. மேல்முறையீட்டுக்கும் வரவில்லை. ஆணையத்துக்கு எழுதினாள். சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் கடிதம் வந்தது. நான் பிரித்துப் படித்தேன். விருதுநகர் கலெக்டர் ஆபீசில் காணொலி விசாரணை, மனுதாரர் நேரில் வர வேண்டும்.

அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கடிதத்தை மடித்து மேசை டிராயரில், பழைய புரூஃப் தாள்களுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும், "ஏதும் தபால் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வரலையே" என்றேன்.

ஐந்து நாள் அப்படியே சொன்னேன். ஆறாவது நாள் தேதியைக் கணக்குப் பார்த்தால் விசாரணைக்கு இரண்டே நாள் இருந்தது. இரக்கமெல்லாம் இல்லை, பயம்தான் வந்தது. இப்பத்தான் வந்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் கூட வருவீகளாக்கா?" என்று மட்டும் கேட்டாள். போனேன்.

டி.வி. திரையில் சென்னையிலிருந்து ஆணையர் தெரிந்தார். ஃபைல் கிடைக்கவில்லை என்று தாலுகா ஆபீஸ்காரர் சொன்னார். தேடிப் பதினைந்து நாளில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ஆணையர் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு இவளைப் பார்த்து, "மனு நீங்களே எழுதினதா? என்ன வேணும்னு தெளிவா ஒரே வரியில கேட்டிருக்கீங்க" என்றார். நான் சொல்லிக்கொடுத்தது என்று எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. அவள், "ஆமாய்யா, நான்தான்" என்றாள். அது உண்மையும்கூட.

அறிக்கை வந்தது. அந்த ஆபீஸ் தமிழ் அவளுக்குப் பிடிபடவில்லை, நான்தான் வாசித்துக் காட்டினேன். வெடித்தது மருந்து கலக்கும் அறையில். அவள் புருஷன் அந்த நேரத்தில் வெளியே குழாய் லோடு இறக்கிக்கொண்டிருந்தவன், உள்ளே இருந்தவர்களை இழுக்க ஓடியிருக்கிறான். அவள் அழவில்லை. அந்த வரியை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை.

"அந்தக் கடுதாசியை அஞ்சு நாள் நான்தான் வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. தபால்காரர் அன்னைக்கே ரோட்டுல பாத்துச் சொல்லிட்டாரு."

"அப்பறம் ஏண்டி கேக்கலை?"

"கேட்டா நீங்க கூட வரமாட்டீக. எனக்கு வாசிச்சுச் சொல்ல ஆளு வேணும்ல."

நகல் எடுத்து அந்த இரண்டு வீட்டுக்கும் அவளே கொண்டுபோனாள். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்களாம். இன்னொரு வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்களாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லாங்கிணற்றிலிருந்துகூடப் பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள். மனு எழுதக் கேட்கிறார்கள். சிலர் விசாரித்துக்கொண்டு முதலில் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த வீடு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம், "ஏன்னு கேக்காதீக, எந்தக் காயிதம்னு கேளுங்க" என்று அவள் சொல்வது காதில் விழும். எவ்வளவு முயன்றாலும் அந்த நேரத்தில் எனக்குப் பிழைதிருத்தம் ஓடாது.