அடியில் தீ எரியும் வீடு

கொரியாவுக்குப் போயிருக்க வேண்டியவர் என் கணவர். சிவகாசியில் அச்சகங்களுக்கு மை விற்கும் கடை எங்களுடையது. அந்த வருடம் சொன்ன அளவுக்கு மேல் சரக்கு எடுத்ததற்காக, மை கம்பெனி தென் மாவட்ட வியாபாரிகள் சிலரை மனைவியோடு ஒரு வாரம் டூர் அனுப்பியது. தேதி குறித்தவர்கள் பம்பாய்க்காரர்கள். நவம்பர் கடைசியில் சிவகாசியில் காலண்டர் சீசன் என்பதோ, எந்த மெஷினும் நிற்காது என்பதோ அவர்களுக்குத் தெரியாது. "நான் எங்கிட்டுப் போக? நீயும் அக்காவும் போயிட்டு வாங்க" என்று கணவர் சொல்லிவிட்டார்.

அவருடைய அக்கா எனக்கு மதினி. கணவர் இறந்த பிறகு எட்டு வருடம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு மத்தியானம் அறையிலிருந்து எழுந்து வந்து, மரத்தடிப் பானையில் தண்ணீர் மொண்டபோது பின்னால் அந்த அறை வெடித்துவிட்டது. உள்ளே நான்கு பெண்கள் இருந்தார்கள். தினமும் அவரோடு தூக்குச் சட்டியைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள். ஒருவரும் வரவில்லை. மதினிக்கு இடது காது போனது. அதற்குப் பிறகு எங்களோடு வந்து இருந்துகொண்டார். வேலையைப் பற்றி ஒருநாளும் பேசமாட்டார். ஆனால் கல்யாண மண்டபமோ, சினிமாக் கொட்டகையோ, எங்கே நுழைந்தாலும் இன்னொரு வாசல் எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்வார். கூட்டம் அதிகமானால் எழுந்து வெளியே போய்விடுவார். அது எங்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. பொறுத்துக்கொண்டோம்.

முதல் மூன்று நாட்கள் நகரத்தில் நல்லபடியாகப் போயின. நான்காம் நாள் மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய ஊருக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். ஊர் முழுக்கப் பழங்காலத்து வீடுகள். அந்த வீடுகளுக்கு ஹனோக் என்று பெயர். ஒரு பகலும் இரவும் அங்கே தங்கி, அவர்கள் உடையை உடுத்தி, அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் கூட்டத்தை இரண்டு இரண்டு ஜோடியாகப் பிரித்து வீடுகளில் விட்டார்கள். எங்களோடு வந்தவர்கள் விருதுநகரில் மை வியாபாரம் செய்யும் அண்ணாச்சியும் அவர் மனைவியும். நல்ல மனிதர். வழி முழுக்கச் சிரிக்க வைத்தார். குளிர் மட்டும் அவருக்கு ஆகவே இல்லை. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்.

அந்த வீட்டுக்கு நாங்கள் போனபோது காலை பதினொரு மணி இருக்கும். மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று நசநசவென்று விழுந்துகொண்டிருந்தது. துளிக் காற்று இல்லை. ஓடு வேய்ந்த கூரை ஓரங்களில் மேல்நோக்கி வளைந்திருந்தது. முற்றத்தில் ஆளுயரப் பழுப்பு ஜாடிகள் வரிசையாக நின்றன. இறவாரத்தில் தோல் உரித்த பழங்களைக் கயிற்றில் கோத்துக் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் பலகை பாவிய திறந்த கூடம், அதன் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். கதவுகள் மரச் சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியவை. இவ்வளவு அழகான வீட்டை நான் பார்த்ததில்லை.

வழிகாட்டியாக வந்த கொரியப் பெண் ஆங்கிலத்தில் சொன்னதை நான் மதினிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன், வலது காதுப் பக்கமாக. தூண்களும் உத்தரங்களும் ஆணி இல்லாமல் ஒன்றில் ஒன்று செருகியவை. தரை கல்லும் மண்ணும் போட்டு, மேலே எண்ணெய் பூசிய காகிதம் ஒட்டியது. வீட்டுக்கு வெளியே ஓர் அடுப்பு இருக்கிறது. அதில் விறகு எரித்தால் நெருப்பும் புகையும் அறைத் தரைக்கு அடியில் இருக்கும் கல் பாதைகள் வழியாக ஓடி, மறுகோடியில் இருக்கும் புகைபோக்கிக்குப் போகும். தரை முழுக்கச் சூடாகிவிடும். குளிர்காலத்தில் அதன் மேல்தான் படுப்பார்கள்.

மதினி நின்றுவிட்டார்.

"சுவர் காகிதம், கதவு காகிதம், தரை காகிதம். அதுக்கு அடியில தீயா?"

"நூத்துக்கணக்கான வருசமா அவுக இப்படித்தான் இருக்காக அக்கா. பயப்படாதீக" என்றார் அண்ணாச்சி.

மதினி வீட்டைச் சுற்றிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார். நானும் போனேன். அண்ணாச்சிக்கு ஒதுக்கிய அறையின் சுவருக்கு வெளியே, தரைமட்டத்தில் கறுத்த வாய் ஒன்று இருந்தது. வீட்டுக்காரம்மா குத்துக்காலிட்டு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். எங்களைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டிச் சூடு காயச் சொன்னார். சென்ற குளிர்காலத்துக்குப் பிறகு இந்த அறைகளுக்கு இன்றுதான் தீ மூட்டுகிறார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். மதினி தீயைப் பார்க்கவில்லை. மறுகோடியில் முழங்கால் உயரத்தில் நின்ற மண் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை மேலே எழும்பவில்லை. வழிந்து இறங்கி, ஈரத் தரையைத் தொட்டபடி முற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"புகை ஏறலை பாத்தியாளா?"

"மழை மதினி. அதான்."

மத்தியானம் குட்டை மேஜைகளில் பத்துப் பதினைந்து சிறு கிண்ணங்களாகச் சாப்பாடு வந்தது. நாங்கள் சோற்றையும் கீரையையும் எடுத்துக்கொண்டு, கொண்டு போயிருந்த பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்தோம். பிறகு அவர்கள் உடையை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டோம். மதினி பச்சைப் பாவாடை கட்டி நிற்கும் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சிரிக்கத்தான் செய்கிறார். கண் மட்டும் காமிராவுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறது.

நான்கு மணிக்குத் தேநீர் போடும் சடங்கு காட்டுவதாகவும், அதுவரை படுத்து ஓய்வெடுக்கலாம் என்றும் வழிகாட்டிப் பெண் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் கிளம்பும் முன் அண்ணாச்சி அவளிடம், இன்னும் சூடு வேண்டும் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லச் சொன்னார். வீட்டுக்காரம்மா நாலைந்து கட்டைகளைத் திணித்து, சற்று நேரம் எரியவிட்டு, தீ தணலானதும் சூடு வெளியே போகாமல் அடுப்பின் இரும்புக் கதவை இறுக்கிச் சாத்தினார். அண்ணாச்சியும் அவர் மனைவியும் தங்கள் அறைக்குப் போனார்கள். உள்ளே கொண்டி மாட்டும் சத்தம் கேட்டது.

எங்கள் அறைத் தரை, வெயில் காய்ந்த மொட்டை மாடி சாயங்காலத்தில் இருக்குமே, அப்படி இருந்தது. மூன்று நாள் நடந்த கால் வலியெல்லாம் இறங்குவது போல இருந்தது. நான் மெத்தையை விரித்துப் படுத்துவிட்டேன். மதினி படுக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார்.

"ஏளா, இங்கன ஒரு கதவு இருக்கு. ஒட்டிவச்சிருக்காக."

பின்பக்கச் சுவரில் சிறு கதவு ஒன்று இருந்தது உண்மைதான். குளிர் வராமலிருக்க அதன் இடுக்குகளைக் காகிதப் பட்டையால் நான்கு பக்கமும் ஒட்டியிருந்தார்கள்.

"குளிருக்கு ஒட்டியிருக்காக மதினி. விடுங்க. சித்த நேரம் படுங்க."

"எனக்குத் தலை கனக்குது."

எனக்கும் கனத்தது. தூக்கம்தான் என்று நினைத்தேன். நல்ல தூக்கம், கிணற்றுக்குள் இறங்குவது போன்ற தூக்கம். மதினி என்னவோ சொல்வது எங்கோ தள்ளிக் கேட்டது. எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கை அசையவில்லை. அதைப் பற்றி எனக்குப் பயமாகக்கூட இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

காகிதம் கிழிகிற சத்தத்தில் விழித்தேன். மதினி ஒட்டியிருந்ததை எல்லாம் நகத்தால் பிய்த்துப் போட்டு, தோளால் இடித்துக் கதவைத் திறந்துவிட்டார். ஐஸ் தண்ணீரை முகத்தில் அடித்தது போலக் காற்று வந்தது. எனக்குக் குமட்டியது. அதற்குள் சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். கிழிந்து தொங்கிய காகிதத்தையும், பெயர்ந்து வந்த மரச் சட்டத்தையும் பார்த்துத் தன் மொழியில் கத்தினார். எனக்கு மானம் போனது. கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்தால், என் கணவருக்குத் தெரிந்தால் என்றெல்லாம் நினைத்து ஆத்திரம் தலைக்கேறியது.

"அம்புட்டுப் பேரு செத்தாக, நீங்க பொழைச்சீக. அதுக்காக எங்களையெல்லாம் காலம் பூரா இப்படிப் பாடாப் படுத்தணுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மதினி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கூடத்துக்குப் போய் நின்றார். வீட்டுக்காரம்மா இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார். மதினி பக்கத்து அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இம்புட்டுச் சத்தத்துக்கும் அவுக எட்டிப் பாக்கலையே. உள்ள ஏதும் பேச்சுக் கேக்குதா? இல்ல, எனக்குத்தான் காதுல விழலையா?"

நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். தட்டினேன். மதினி காத்திருக்கவில்லை. கதவுக் காகிதத்தில் கையை விட்டுக் கிழித்து, உள்ளே துழாவிக் கொண்டியை எடுத்தார். அண்ணாச்சியின் மனைவி கதவுக்கு இரண்டடி தள்ளிக் குப்புறக் கிடந்தார், வாந்தி எடுத்திருந்தார். வெளியே வரப் பார்த்திருக்கிறார். அண்ணாச்சி உள்கோடியில், தரை காந்திப் பழுப்பேறியிருந்த சூடான இடத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். முகம் சிவந்து, நன்றாக உறங்குகிற குழந்தை போல இருந்தார். எவ்வளவு உலுக்கியும் எழவில்லை.

"காலைப் பிடி" என்றார் மதினி. அவரை நாங்கள் எப்படித் தூக்கினோம் என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் கூடத்துப் பலகையில், சாரல் படுகிற இடத்தில் கொண்டுவந்து போட்டோம். வீட்டுக்காரம்மா கத்தலை நிறுத்தியிருந்தார். போன் செய்துவிட்டு ஓடி வந்து, அண்ணாச்சியின் கால்மாட்டில் முழந்தாளிட்டு நெற்றியைப் பலகையில் முட்டி அழுதார். மதினி அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையால் சாடை காட்டினார்.

தரைக் காகிதத்துக்கு அடியில் மண் வெடித்திருந்ததாம். பல மாதம் தீ இல்லாமல் கிடந்ததில் விழுந்த வெடிப்பு. காற்றில்லாத நாளில் அடுப்பையும் சாத்தியதால் தணலின் விஷவாயு போக வழியில்லாமல் அறைக்குள் ஏறியிருக்கிறது. மணமும் நிறமும் இல்லாத வாயு. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், மீதியைச் சொல்லவில்லை. வழிகாட்டிப் பெண் இதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். நான் மதினிக்குச் சொன்னேன்.

அண்ணாச்சியின் மனைவி அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி மறுநாள் கண் விழித்தார். இரண்டு நாள் பிந்தி அவர்களும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். போனில் பேசியபோது, "கொரியாக்காரன் என்னைப் புட்டு மாதிரி அவிச்சிட்டான்" என்று சிரித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்கு எடுத்துவிட்டு வந்தேன். என் கணவர் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அன்று நான் சொன்ன சொல்லை மதினி அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கப் பல நாள் வாயெடுத்து, வேறு எதையாவது பேசி எழுந்து போயிருக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணாச்சியின் மனைவி போன் செய்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன், அந்த அக்காவையும் கூட்டிக்கிட்டு" என்றார். குரல் சரியில்லை. நானும் மதினியும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம்.

வீட்டு வாசலிலேயே எங்களை நிறுத்தித் தணிந்த குரலில் சொன்னார். அண்ணாச்சி மூன்று வாரம் நன்றாக இருந்தாராம். கடைக்குப் போனார், கணக்குப் பார்த்தார். பிறகு ஒரு நாள் பஜாரில் நடுத்தெருவில் நின்றுவிட்டார். எங்கே போகக் கிளம்பினோம் என்று தெரியவில்லை. அப்புறம் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. மதுரை டாக்டர், அந்த வாயு குடித்தவர்களில் சிலருக்கு நன்றாகிவிட்ட மாதிரி இருந்து பிறகு இப்படி வரும் என்றாராம்.

"போகப்போகச் சரியாகிருமா அக்கா? நீங்கதான் இப்படி எத்தனையோ பாத்திருப்பீகளே" என்று மதினியைக் கேட்டார்.

"சரியாகிரும் தாயி" என்றார் மதினி. அவர் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உள்ளே அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வழித்த முகம். எங்களைக் கண்டதும் மரியாதையாக எழுந்து கும்பிட்டார்.

"வாங்க வாங்க. எந்த ஊரு?"

"சிவகாசி அண்ணாச்சி" என்றேன். "கொரியாவுக்கு உங்களோட வந்தோமே."

"அப்படியா" என்று சிரித்தார். "சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டாயிற்று என்றேன். அவர் தலையாட்டினார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். மதினி எழுந்து போய் அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலியில், தன் நல்ல காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். அண்ணாச்சி திரும்பி அவர் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஏதோ பிடிபடப் போகிறது என்று நான் நினைத்தேன்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

"ஆச்சு தம்பி" என்றார் மதினி.

நாங்கள் கிளம்பும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மதினி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே பதில் சொன்னார்.